ஸ்டடி பைபிள் வாங்கும்போது முதலில் முதுகைப் பாருங்கள்

கடையில் ஸ்டடி பைபிளைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் முதலில் புரட்டுவது கடைசியில் இருக்கும் வண்ண வரைபடங்களைத்தான். அப்புறம் அட்டையைத் தடவிப் பார்ப்பார்கள். மோந்து பார்ப்பவர்களும் உண்டு. விலை கட்டுபடியானால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இரண்டு வருஷம் கழித்து ஆதியாகமத்தின் முதல் பத்து தாள் தனியாகக் கையோடு வரும். சங்கீதத்துக்கு நடுவில் முதுகு வெடித்து, எங்கே திறந்தாலும் புத்தகம் அதே இடத்தில் போய் விழும்.

வாசிப்புக்கு மட்டும் வைத்திருக்கும் வேதாகமத்தைவிட ஸ்டடி பைபிள் அதிகம் அடிபடும். ஒரு வசனத்தைப் படிக்கிறோம், ஓரத்தில் கொடுத்திருக்கும் ஒத்துவாக்கியத்துக்கு, அதாவது தொடர்புள்ள வேறொரு வசனத்தின் முகவரிக்குத் தாவுகிறோம், அங்கிருந்து எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் பின்பக்க அகராதிக்கு, மறுபடி பழைய இடத்துக்கு. ஒரே உட்காரலில் மத்தேயுவுக்கும் உபாகமத்துக்கும் நடுவே பத்து தடவை போய்வர வேண்டியிருக்கும். இதைத் தாங்காத பைண்டிங்கில் எத்தனை நல்ல குறிப்பு இருந்தும் பயனில்லை. பக்கம் மேசையில் தானாகப் படுத்துக் கிடக்காவிட்டால், ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் குறிப்பு எழுத யாருக்கும் பொறுமை இருக்காது. ஆகவே வரிசையைத் தலைகீழாக்குங்கள்: முதலில் முதுகு, அடுத்து தாளும் எழுத்தும், பிறகு ஒத்துவாக்கியமும் அகராதியும், அதற்கப்புறம் விளக்கக் குறிப்புகள். அட்டையின் தோல் கடைசிதான்.

எது ஸ்டடி பைபிள், எது இல்லை

ஓரத்திலோ நடுவிலோ ஒத்துவாக்கியங்கள், கடைசியில் சின்ன அகராதி, நாலைந்து வரைபடம், இவ்வளவோடு நின்றால் அது ஒத்துவாக்கிய வேதாகமம். இதில் யாரும் உங்களுக்கு விளக்கம் சொல்வதில்லை. வசனமே வசனத்தைக் காட்டும். பக்கத்தின் அடியில் வசனவாரியாக விளக்கக் குறிப்பு, ஒவ்வொரு ஆகமத்துக்கும் முன்னுரை, கால அட்டவணை, படங்கள் எல்லாம் சேர்ந்தால் அது ஸ்டடி பைபிள், அதாவது ஆய்வு வேதாகமம். தினம் ஒரு சிந்தனை, ஒரு ஜெபம் என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பது தியான வேதாகமம். அது நல்ல புத்தகமாகவே இருக்கலாம். ஆனால் ஒரு வசனத்தின் பொருள் தேடும்போது அது உதவாது. கடையில் மூன்றும் ஒரே அலமாரியில் அடுக்கியிருக்கும், அட்டையும் ஒரே மாதிரி மினுக்கும். உள்ளே ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

இந்த ஏற்பாடு முழுவதும் வசன எண்ணை நம்பித்தான் நிற்கிறது. அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் வகுத்தவை. புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர், 1551-இல். 1560-இல் வந்த ஜெனீவா வேதாகமம்தான் வசன எண்ணோடு வந்த முதல் முழு ஆங்கில வேதாகமம். ஓரம் நிறைய விளக்கக் குறிப்புகளும் இருந்தன. அந்தக் குறிப்புகளில் சில அரச அதிகாரத்தை இடிக்கின்றன என்று இங்கிலாந்தின் ஜேம்ஸ் மன்னருக்குக் கோபம். அதனால் 1611-இல் வந்த மொழிபெயர்ப்பில் விளக்க உரையே கூடாது, சொல் விளக்கமும் ஒத்துவாக்கியமும் போதும் என்று முடிவானது. குறிப்புகளைப் பற்றிப் பின்னால் பேசும்போது இந்தச் சண்டை ஞாபகத்தில் இருக்கட்டும்.

முதுகு

அச்சகத்தில் பெரிய தாளில் பல பக்கங்களை ஒன்றாக அடித்து, மடித்து, ஒரு கட்டாக்குவார்கள். அதற்குப் பெயர் பாரம். சாதாரணப் புத்தகத்தில் பெரும்பாலும் ஒரு பாரம் 16 பக்கம். வேதாகமத் தாள் மெல்லியது என்பதால் ஒரு பாரத்தில் 32 பக்கமோ அதற்கு மேலோ வரும். 32 பக்கப் பாரம் என்றால் 1,600 பக்கப் புத்தகத்துக்கு 50 பாரம். இந்த 50 கட்டையும் எப்படி ஒன்றாகப் பிடித்து வைக்கிறார்கள் என்பதுதான் பைண்டிங்.

ஒரு வழி, ஒவ்வொரு பாரத்தையும் அதன் மடிப்பின் நடுவே நூலால் தைத்து, அடுத்த பாரத்தோடு கோர்த்துக்கொண்டே போவது. இதுதான் தையல் பைண்டிங். இதற்கான இயந்திரத்தை 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் உருவாக்கிய டேவிட் ஸ்மித்தின் பெயரால் 'ஸ்மித் தையல்' என்றும் சொல்வார்கள். வெளிநாட்டுப் பதிப்புகளின் பெட்டியில் அப்படித்தான் போட்டிருக்கும். இன்னொரு வழி, மடிப்புகளை வெட்டித் தள்ளிவிட்டு, தனித்தனித் தாள்களின் விளிம்பில் சூடான பசையைத் தடவி அட்டையில் ஒட்டுவது. இதற்கு பெர்ஃபெக்ட் பைண்டிங் என்று பெயர். பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது.

நாவலுக்குப் பசை போதும். வேதாகமத்துக்கு ஏன் போதாது? காகிதக் கடையில் வாங்கும் ஜெராக்ஸ் தாள் 70 அல்லது 80 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை அத்தனை கிராம். வேதாகமத் தாள் பெரும்பாலும் 28-லிருந்து 40 ஜிஎஸ்எம் வரைதான். அதன் விளிம்பின் கனம் சுமார் 0.04 மில்லிமீட்டர். அந்த மயிரிழை விளிம்பைத்தான் பசை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மலிவான சூட்டுப்பசை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் இளகும், வருஷம் போகப்போக இறுகி முறியும். முறிந்த இடத்தில் ஒரு தாள் கழன்றால் அதன் இரண்டு பக்கத்துத் தாள்களும் பிடிப்பை இழக்கும். பியுஆர் என்ற பசை இதைவிட வளைந்துகொடுக்கும், நீடிக்கவும் செய்யும். ஆனால் எந்தப் பசை போட்டிருக்கிறார்கள் என்பதைக் கடையில் நின்று கண்டுபிடிக்க வழியில்லை. தையலைக் கண்டுபிடிக்கலாம்.

எப்படி? புத்தகத்தை மூடி, முதுகின் மேல் முனையை மேலிருந்து பாருங்கள். தைத்த புத்தகத்தில் தாள்கள் சின்னச்சின்ன வளைவுக் கட்டுகளாக, பாய் சுருட்டி அடுக்கியதுபோலத் தெரியும். ஒட்டிய புத்தகத்தில் கத்தியால் வெட்டிய நேர்கோடு. ஆனால் இதோடு நிறுத்தாதீர்கள். மடிப்பை வெட்டாமல், அதில் துளைபோட்டுப் பசையை உள்ளே இறக்குகிற ஒரு முறையும் உண்டு. மேலிருந்து பார்த்தால் அதுவும் கட்டுக்கட்டாகவே தெரியும். எனவே ஏதாவதொரு கட்டின் நடுப்பக்கத்தை விரித்துப் பாருங்கள். மடிப்புக் குழியில் வெள்ளை நூல் நீளவாக்கில் விட்டுவிட்டு ஓடினால் அது தையல். அந்த நூலிலிருந்து எத்தனை பக்கம் தள்ளி அடுத்த நூல் தெரிகிறது என்று பக்க எண்ணைக் கழித்துப் பார்த்தால் பாரத்துக்கு எத்தனை பக்கம் என்பதும் தெரிந்துவிடும். நூலைப் பார்க்காமல் 'தையல்தாங்க' என்ற விற்பனையாளரின் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு காசு கொடுக்க வேண்டாம்.

முதுகின் மேலும் கீழும் கோடுபோட்ட துணிப்பட்டை ஒன்று எட்டிப் பார்க்கும். பலர் அதைத் தையல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு வரும் பெரும்பாலான புத்தகங்களில் அது வெறுமனே ஒட்டிய அலங்காரம். பசை பைண்டிங்கிலும் அதை ஒட்டிவிடலாம்.

அடுத்தது படுக்கைச் சோதனை. புத்தகத்தை மேசையில் வைத்து மூன்று இடங்களில் திறந்து கையை எடுத்துவிடுங்கள்: ஆதியாகமம் 1, நடுவில் சங்கீதம், கடைசியில் வெளிப்படுத்தின விசேஷம் 22. நடுவில் திறந்தது தானாகக் கிடக்க வேண்டும். முதல் பாரமும் கடைசிப் பாரமும் கொஞ்சம் எழும்பி நிற்கலாம். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில நல்ல பதிப்புகளில் அந்த இரண்டு பாரத்துக்கும் பலத்துக்காகப் பக்கவாட்டில் ஒரு தையல் கூடுதலாகப் போடுவார்கள். அதனால் ஆதியாகமத்தின் முதல் அதிகாரங்கள் புதிதில் விறைப்பாகத்தான் இருக்கும். பழகப்பழகச் சரியாகும். சங்கீதமே படுக்காமல் துள்ளி மூடினால் அதை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

படுக்கச் சொன்னால் தாள் அலைஅலையாக நெளிந்து நிற்கிறதா? காகிதத்தின் நார் ஓடும் திசை முதுகுக்கு இணையாக இல்லாமல் குறுக்கே இருக்கிறது என்று அர்த்தம். மழைக்காலத்து ஈரத்தில் அது இன்னும் நெளியும், முதுகுப் பசையையும் இழுக்கும். இதற்குப் பரிகாரம் கிடையாது.

கடைசியாக உள் ஓரம். முதுகுப் பக்கத்தில் எழுத்து தொடங்குமுன் எவ்வளவு வெள்ளை இடம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கட்டைவிரல் அகலத்துக்காவது இடமில்லை என்றால் கனமான புத்தகத்தில் வரியின் முனை குழிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பக்கத்தின் உள்பக்கத்தில் ஒத்துவாக்கியம் அச்சிட்ட பதிப்புகளில் இது பெரிய தொல்லை. சின்ன எழுத்தும் அதுதான், குழிக்குள் போவதும் அதுதான்.

தாளும் எழுத்தும்

மெல்லிய தாளில் பின்பக்கத்து எழுத்து நிழலாகத் தெரிவது இயல்பு. எவ்வளவு தெரிகிறது என்பதுதான் கேள்வி. சங்கீதத்தில் ஒரு பக்கத்தைத் திறங்கள். கவிதை வரிகள் பாதியில் முடிவதால் அங்கே வெற்றிடம் நிறைய இருக்கும். அந்த வெற்றிடத்தில் பின்பக்கத்து வார்த்தைகளை எழுத்துக்கூட்டி வாசிக்க முடிந்தால் தாள் சரியில்லை. பிறகு ஒரே ஒரு தாளை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். முன்பக்க வரியும் பின்பக்க வரியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி விழுந்தால் அச்சகம் கவனமாக வேலை செய்திருக்கிறது. அப்போது வரிகளுக்கு இடையில் இருக்கும் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். அதே தாளில் கண்ணுக்குப் பாதி உழைப்பு மிச்சம்.

எழுத்தைச் சோதிக்க வசனத்தைப் பார்க்காதீர்கள், அடிக்குறிப்பைப் பாருங்கள். வசனத்தைவிடக் குறிப்பு எழுத்து எப்போதும் சிறிதாகத்தான் இருக்கும். தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. 'க' எது, 'க்' எது என்று தெரிகிறதா? 'ி'யும் 'ீ'யும் பிரிந்து தெரிகின்றனவா? 'ண', 'ன' வளைவுகள் மை ஊறி அடைத்துக்கொண்டிருக்கின்றனவா? கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் தெரிவது போதாது. ராத்திரி வீட்டு வெளிச்சத்தில் படிக்கப் போகிறீர்கள் என்றால் கடையின் இருட்டான மூலைக்குப் போய் நின்று ஒரு குறிப்பை முழுசாக வாசித்துப் பாருங்கள். 'பெரிய எழுத்து' என்று அட்டையில் போட்டிருந்தால் அது வசனத்துக்கு மட்டும்தான் பொருந்தும். அதே பருமனில் பெரிய எழுத்தைக் கொண்டுவரத் தாளை இன்னும் மெலிதாக்கியிருக்கவும் கூடும்.

ஒத்துவாக்கியங்களைக் கடையிலேயே சோதிக்கலாம்

ஒத்துவாக்கியம் வேலை செய்யும் விதம் எளிது. வசனத்தில் ஒரு சொல்லுக்கு மேலே பொடி எழுத்தோ எண்ணோ இருக்கும். அதே அடையாளத்தை ஓரத்துப் பத்தியிலோ, இரண்டு பத்திகளுக்கு நடுவிலோ, பக்கத்தின் அடியிலோ தேடினால் அங்கே வசன முகவரிகள் இருக்கும். சில பதிப்புகளில் வசனத்தின் முடிவிலேயே கொடுத்துவிடுவார்கள். அடையாளம் எந்தச் சொல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முகவரி அந்தச் சொல்லுக்குத்தான், வசனம் முழுவதுக்கும் அல்ல.

இப்போது மத்தேயு 4:4-க்குப் போங்கள். 'மனுஷன் அப்பத்தினாலேமாத்திரமல்ல' என்று இயேசு பிசாசுக்குச் சொல்லும் பதில். 'என்று எழுதியிருக்கிறதே' என்கிறார். எங்கே எழுதியிருக்கிறது? ஒத்துவாக்கியம் உபாகமம் 8:3 என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்தப் பதிப்பை மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. காட்டினால் உபாகமம் 8:3-ஐத் திறந்து, அங்கிருந்து மத்தேயு 4:4-க்கும் லூக்கா 4:4-க்கும் திரும்பி வர வழி கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். போவதற்கு வழி வைத்து வருவதற்கு வைக்காத பதிப்புகள் உண்டு. பழைய ஏற்பாட்டைப் படிக்கும்போதுதான் அந்தக் குறை தெரியும்.

அடுத்தது ஒரே சம்பவம் பல இடங்களில் வரும் பகுதி. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தது நான்கு சுவிசேஷங்களிலும் இருக்கிறது: மத்தேயு 14, மாற்கு 6, லூக்கா 9, யோவான் 6. இவற்றில் ஏதாவதொன்றின் தலைப்பின் கீழ் மற்ற மூன்றும் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவதாக மாற்கு 1:2, 3. இது கொஞ்சம் கடினமான பரீட்சை. அங்கே மேற்கோளாக வரும் வார்த்தைகளில் ஒரு பாதி மல்கியா 3:1, மறுபாதி ஏசாயா 40:3. இரண்டு முகவரியும் இருக்கிறதா? ஸ்டடி பைபிள் என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பழைய மொழிபெயர்ப்பு இங்கே தீர்க்கதரிசிகளைப் பொதுவாகச் சொல்ல, புதிய மொழிபெயர்ப்புகள் ஏசாயாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. மூலக் கையெழுத்துப் பிரதிகளுக்குள் இருக்கும் வேறுபாடு இது. இதைக் குறிப்பில் நேர்மையாக ஒரு வரியில் சொல்லும் பதிப்பு மற்ற இடங்களிலும் மழுப்பாது என்று நம்பலாம்.

முகவரிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்று அட்டையில் போட்டிருப்பார்கள். ஒரே சொல் இரண்டு வசனத்தில் வருகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கோர்த்துவிட்ட முகவரிகளும் அதில் அடக்கம். 'மலை' என்ற சொல்லிலிருந்து வேறொரு மலைக்கு அனுப்பினால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? மேற்கோளைக் காட்டுவது, இணையான பகுதியைக் காட்டுவது, ஒரே கருத்தைக் காட்டுவது, இந்த மூன்றுக்குத்தான் மதிப்பு. சங்கிலி முறை என்று ஒன்றும் உண்டு. ஒரு தலைப்புக்கு எண் கொடுத்து, ஒவ்வொரு வசனத்திலும் அடுத்த வசனத்தின் முகவரியைப் போட்டு, வேதாகமம் முழுக்க அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே நடத்திச் செல்வது. 1908-இல் வந்த தாம்சன் பதிப்பு இதற்குப் பேர்போனது. பாடம் எடுப்பவர்களுக்கு மிகவும் பயன்படும்.

தமிழ் அகராதியில் மூன்று சிக்கல்

பின்பக்கத்துச் சொல் அகராதியை ஆங்கிலப் பழக்கத்தில் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். தமிழில் சொல் வேற்றுமை உருபோடும் சந்தியோடும் ஒட்டிக்கொண்டு நிற்கும். மேலே பார்த்த 'அப்பத்தினாலேமாத்திரமல்ல' ஒரே சொல்லாக அச்சாகியிருக்கிறது. அதை 'அப்பம்' என்ற தலைப்பில்தான் தேட வேண்டும். தேடும் வசனத்தில் இருப்பதிலேயே அரிதான பெயர்ச்சொல்லை எடுத்துக்கொள்வது சுருக்கு வழி. 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார். நான் தாழ்ச்சியடையேன்' எங்கே இருக்கிறது என்று தேட 'கர்த்தர்' என்ற சொல்லுக்குப் போனால் கடலில் விழுந்த மாதிரி. 'மேய்ப்பர்' அல்லது 'தாழ்ச்சி' என்று பார்த்தால் சங்கீதம் 23:1 உடனே கிடைக்க வேண்டும். கடையில் இதையே சோதித்துப் பார்க்கலாம். அப்புறம், ஜெபம், ஸ்தோத்திரம் போன்ற கிரந்த எழுத்துச் சொற்களைப் பெரும்பாலும் 'ன' வரிசைக்குப் பிறகு கடைசியில் வைத்திருப்பார்கள். இல்லை என்று நினைத்து மூடிவிடாதீர்கள்.

இரண்டாவது சிக்கல், மொழிபெயர்ப்பு மாறினால் சொல்லும் மாறும். ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் வந்த பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 13:13 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று இருக்கும். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே இடம் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. கவனித்தீர்களா, ஒன்றில் இரண்டாவதாக நிற்கும் 'நம்பிக்கை' இன்னொன்றில் முதலாவது. பழைய மொழிபெயர்ப்பை வைத்துச் செய்த அகராதியோடு திருவிவிலியத்தைப் படித்தால் குழப்பம்தான். ஆகமங்களின் பெயரும் வேறு: யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம், நாளாகமம் அங்கே குறிப்பேடு, சங்கீதம் அங்கே திருப்பாடல்கள். உங்கள் சபையிலோ படிப்புக் குழுவிலோ எதை வாசிக்கிறார்களோ அதையே வாங்குவதுதான் புத்திசாலித்தனம். கத்தோலிக்கருக்கு 73 நூல்கள் உள்ள பதிப்பு தேவை. 66 ஆகமங்கள் மட்டும் உள்ள பதிப்பில் தோபித்தும் மக்கபேயரும் இருக்காது.

மூன்றாவதுதான் ஆழமானது. ஒரே தமிழ்ச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு மூலச்சொற்கள் இருக்கலாம். சங்கீதம் 136-இல் 26 வசனங்களிலும் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்று வருகிறது. எபேசியர் 2:8-இல் 'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்'. அகராதியில் இரண்டும் 'கிருபை' என்ற ஒரே தலைப்பின் கீழ் இருக்கும். ஆனால் முன்னது எபிரெய மொழியில் 'கெசெத்', உடன்படிக்கையை விடாமல் காக்கும் உண்மையுள்ள அன்பு. பின்னது கிரேக்கத்தில் 'காரிஸ்', தகுதி பாராமல் கிடைக்கும் தயவு. நெருங்கிய சொற்கள்தான், ஆனாலும் ஒன்றல்ல. இதைப் பிரித்துக் காட்டத்தான் ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் மூலச்சொற்களுக்கு எண் கொடுத்தார்: எபிரெயத்துக்கு 8,674 வரை, கிரேக்கத்துக்கு 5,624 வரை. கெசெத் 2617, காரிஸ் 5485. நீங்கள் பார்க்கும் பதிப்பில் இந்த எண்கள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் 'கிருபை' போன்ற முக்கியச் சொற்களுக்குச் சொல் விளக்கமாவது இருக்க வேண்டும்.

குறிப்புகள் யாருடைய குரல்

நல்ல குறிப்பு எது? மத்தேயு 18:24-ஐத் திறங்கள். ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ராஜா மன்னித்துவிடுகிறார். அவன் வெளியே வந்து, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். தாலந்து எவ்வளவு, வெள்ளிப்பணம் எவ்வளவு என்று தெரியாவிட்டால் இந்த உவமை பாதிதான் புரியும். வெள்ளிப்பணம் என்பது ரோமரின் தெனாரியம். மத்தேயு 20:2-இல் 'நாளொன்றுக்கு ஒரு பணம்' கூலி என்று வருவதும் அதே நாணயம்தான். தமிழில் இரண்டு இடத்திலும் சொல் வேறாக இருப்பதால் குறிப்பு இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம். பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் 2 லட்சம் வருஷம். அவன் கழுத்தைப் பிடித்ததோ நூறு நாள் கூலிக்கு. குறிப்பு இந்த அளவைச் சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும், மிச்சத்தை வாசிப்பவரே பார்த்துக்கொள்வார். அதற்குப் பதிலாக 'நாமும் மன்னிக்க வேண்டும்' என்று மட்டும் எழுதியிருந்தால் வசனம் சொன்னதையே திருப்பிச் சொல்லும் அந்தக் குறிப்புக்குத் தாள் செலவுதான்.

வரைபடத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். நல்ல சமாரியன் உவமையில் ஒருவன் எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிறான். எருசலேம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 750 மீட்டர். எரிகோ கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டர். சுமார் 25 கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டர் இறக்கம். உயரம் காட்டாத, வெறும் எல்லைக்கோடு போட்ட வரைபடத்தில் இது தெரியாது. ஊர்ப்பெயர்களும் வசனத்தில் இருக்கும் எழுத்துக்கூட்டலிலேயே இருக்க வேண்டும். ஆங்கில வரைபடத்தை அவசரத்தில் தமிழாக்கிப் போட்ட பதிப்புகளில் வசனத்தில் 'கப்பர்நகூம்' என்றும் படத்தில் வேறொரு மாதிரியும் இருக்கும்.

இனி அந்த ஜேம்ஸ் மன்னர் விவகாரம். குறிப்பு எழுதுபவர் யாராக இருந்தாலும் ஏதாவதொரு சபைப் பாரம்பரியத்தில் நின்றுதான் எழுதுவார். 1909-இல் வந்த ஸ்கோஃபீல்ட் பதிப்பு, மனித வரலாற்றை ஏழு காலப்பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கும் போதனையைக் குறிப்புகள் வழியாகவே உலகெங்கும் கொண்டுபோனது. அந்தப் பிரிவை வசனத்திலேயே இருப்பதாக நினைத்தவர்கள் ஏராளம், ஏனென்றால் இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருந்தன. ஆகவே வாங்குமுன் முன்னுரையில் பதிப்பாசிரியர்கள் யார், எந்தச் சபையினர் என்று பாருங்கள். பிறகு சபைகள் கருத்து வேறுபடும் இடங்களில் ஒன்றிரண்டைத் திறந்து பாருங்கள்: ஞானஸ்நானத்துக்கு அப்போஸ்தலர் 2:38, ஆயிரவருஷ அரசாட்சிக்கு வெளிப்படுத்தின விசேஷம் 20, அந்நியபாஷைக்கு 1 கொரிந்தியர் 14. 'இதை வேறு விதமாகப் புரிந்துகொள்பவர்களும் உண்டு' என்று ஓரிடத்திலாவது சொல்கிறார்களா? உங்கள் சபையின் கருத்தையே சொல்லும் பதிப்பை வாங்கினாலும் தவறில்லை. ஆனால் அது கருத்து என்று தெரிந்து வாங்க வேண்டும்.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த குறிப்புகளில் இன்னொரு தொல்லை உண்டு. குறிப்பின் தொடக்கத்தில் தடித்த எழுத்தில் வசனத்தின் ஒரு சொற்றொடரை எடுத்துப் போட்டிருப்பார்கள். மேலே வசனத்தில் தேடினால் அந்தச் சொற்றொடரே இருக்காது. ஆங்கில வசனத்தை மொழிபெயர்த்துப் போட்டிருக்கிறார்கள், தமிழ் வசனத்தோடு ஒத்துப் பார்க்கவில்லை. இரண்டு பக்கம் சரிபார்த்தால் தெரிந்துவிடும்.

அட்டை, நாடா, ஜிப்

'ஜெனுயின் லெதர்' என்றால் பெரும்பாலும் பன்றித்தோல். 'பாண்டட் லெதர்' என்பது தோல் துணுக்குகளை அரைத்துப் பசையோடு சேர்த்து அழுத்திய தகடு, மடிப்பில் வெடிக்கும். பியு எனப்படும் செயற்கைத் தோல் புதிதில் மெத்தென்று இருக்கும், ஆனால் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் சில வருஷத்தில் செதில்செதிலாக உரியும். ஆட்டுத்தோலும் கன்றுத்தோலும் நீடிக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். முதல் ஸ்டடி பைபிளுக்குத் துணி ஒட்டிய கெட்டி அட்டையே போதும். தையல் நன்றாக இருந்தால் அட்டையைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். தோல் அட்டைக்குள் பசை பைண்டிங் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பக்கம் குறிக்கும் நாடா குறைந்தது இரண்டு வேண்டும், வசனத்துக்கு ஒன்று, அகராதிக்கு ஒன்று. ஜிப் வைத்தது பயணத்துக்கு வசதிதான், ஆனால் ஜிப்பின் பற்கள் தாளின் ஓரத்தையும் தங்க விளிம்பையும் உரசிக்கொண்டே இருக்கும். அதைவிட மோசம், ஜிப் இருந்தால் உள்ளே எதையாவது வைக்கத் தோன்றும்: காணிக்கைக் கவர், புதுவருஷ வாக்குத்தத்த அட்டை, கல்யாணப் பத்திரிகை. அட்டையை மூடி இழுக்கும்போது அந்தக் கனம் முழுவதையும் முதுகுதான் வாங்கிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்த பிறகு

புது புத்தகத்தை நடுவில் திறந்து அழுத்தாதீர்கள். முதுகை மேசையில் நிறுத்தி, தாள்களை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முன் அட்டையை மட்டும் கீழே சாயுங்கள், பிறகு பின் அட்டையை. முன்பக்கத்திலிருந்து இருபது முப்பது தாளைச் சாய்த்து முதுகோரமாக விரலால் லேசாக நீவுங்கள். அதே அளவு பின்பக்கத்திலிருந்து. இப்படி மாறிமாறி நடுவுக்கு வந்து சேர வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் முதல் நாளே சங்கீதத்தில் விரித்துக் கவிழ்த்து வைத்தால் முதுகில் அங்கே ஒரு கோடு விழும், பிறகு அது போகாது.

ஜெல் பேனாவும் திரவ ஹைலைட்டரும் இந்தத் தாளில் பின்பக்கம் வரை ஊறும். மெழுகுப் பதத்தில் இருக்கும் ஹைலைட்டர் குச்சி, மென்மையான பென்சில், பிக்மென்ட் மை உள்ள மெல்லிய முனைப் பேனா, இவை ஊறாது. எதுவானாலும் முதலில் கடைசியில் வெறுமையாக இருக்கும் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, ஒரு நாள் விட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

ஒன்றரை, இரண்டு கிலோ எடையுள்ள புத்தகத்தை அலமாரியில் நிறுத்தி வைத்தால் தாள்கட்டு முழுவதும் அட்டையிலிருந்து தொங்கும். அட்டையின் உட்பக்கத்தில் ஒட்டிய தாள் மூட்டில் கிழியத் தொடங்கும். படுக்கவைத்தே வையுங்கள். மழைக்காலத்தில் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்; பூசணமும் ராமபாணப் பூச்சியும் அங்கேதான் வரும்.

என்றாவது அட்டை கழன்று பைண்டிங் கடைக்குக் கொண்டுபோனால் மூன்று விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பாரத்தைப் பிரிக்க வேண்டாம், அட்டையை மட்டும் மாற்றினால் போதும். பக்கவாட்டில் துளைபோட்டுத் தைக்கக்கூடாது. அப்படித் தைத்தால் உள் ஓரம் முழுவதும் தையலுக்குள் போய்விடும், புத்தகம் ஜென்மத்துக்கும் விரியாது. மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் வைத்து 'ஓரம் தட்டக்கூடாது'. ஓரத்தில் இருக்கும் ஒத்துவாக்கியங்களும் நீங்கள் எழுதி வைத்த குறிப்புகளும் அந்த வெட்டில்தான் போகும். வாயால் சொன்னதோடு விட்டுவிடாமல், ஒரு துண்டுத் தாளில் எழுதி முதல் பக்கத்தில் வைத்துவிட்டு வாருங்கள். புத்தகத்தை வாங்கி வைப்பவர் ஒருவர், கட்டிங் மெஷினில் நிற்பவர் இன்னொருவர்.